மறதியா, பறிபோன கவனமா?
நோயும் மனத்துயரும் நினைவைத் தொடும் விதம்

1. கேள்வி

ஆந்திரப் பிரதேசத்தின் நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்தில் ஒரு வீட்டில் பெரிய நோய் என்றால் பயணம் தொடங்கிவிடும். சிலர் திருப்பதியின் ருயா அரசு மருத்துவமனைக்கோ ஸ்விம்ஸுக்கோ போவார்கள். சிலர் வேலூர் சிஎம்சிக்கு. வசதியும் துணையும் உள்ளவர்கள் சென்னைக்கு. எங்கே போனாலும் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான். மருத்துவர் சில நிமிடங்களில் சொல்வதைக் கேட்டு, மனத்தில் நிறுத்தி, ஊர் திரும்பி, சொன்னபடி நடக்க வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ் அல்லது தெலுங்கு. இந்த எல்லை வட்டாரத்தின் பல வீடுகளில் இரண்டும் கலந்து. மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எதை ஐந்து நாளில் நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்பதெல்லாம் நினைவின் பொறுப்பில் விடப்படுகின்றன. அடுத்த முறை வரும்போது நோயாளி தவறு செய்திருந்தால் 'சொன்னதை மறந்துவிட்டார்' என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நோயிலும் துயரத்திலும் இருப்பவர்கள் அதிகம் மறக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவர் தரும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாகவே மறக்கப்படுகின்றன என்று எழுதினார். நினைவில் நின்றதாக நோயாளிகள் சொன்னவற்றிலும் ஏறத்தாழப் பாதி பிழையாக இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளிலேயே நிலைமை இதுதான் என்றால், இரண்டு மொழிகளுக்கும் மூன்றாம் மொழிச் சீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒருவரின் நிலையை ஊகிப்பது கடினமல்ல. இங்கே விளக்கப்பட வேண்டியது மறதியின் காரணம். சேமித்து வைத்த நினைவு அழிந்ததா? அல்லது நினைவாக மாறுவதற்கு முன்பே அந்தத் தகவல் நழுவிவிட்டதா? இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கலாம். மருந்தும் பொறுப்பும் வேறு வேறு. நோயும் மனத்துயரும் முதலில் தாக்குவது நினைவுச் சேமிப்பை அன்று, கவனத்தை என்பதும், ஆகவே இவ்வகை மறதிக்கான பொறுப்பில் பெரும்பகுதி தகவலைத் தரும் நிறுவனங்களைச் சேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. வழக்கில் உள்ள விளக்கங்கள்

மறதிக்கு நம்மிடையே மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. முதலாவது குணம் சார்ந்தது: அக்கறை இருந்தால் மறக்குமா என்று கேட்பது. பள்ளியில் ஆசிரியரும், மருந்தகத்தில் மருந்தாளுநரும், வங்கியில் எழுத்தரும் பெரும்பாலும் இதைத்தான் நம்புகிறார்கள். இரண்டாவது வயது சார்ந்தது: அறுபதைத் தாண்டியவர் எதை மறந்தாலும் 'வயசாகிவிட்டது' என்று முடித்துவிடுவது, படித்த குடும்பம் என்றால் அதே இடத்தில் டிமென்ஷியா என்ற சொல் வரும். மூன்றாவது நம்பிக்கை சார்ந்தது: கண்ணேறு, செய்வினை, தெய்வக் குற்றம். நாராயணவனத்தில் சுரைக்காய் சுவாமியின் சமாதிக்கு நோய் தீர வேண்டி வருவோர் உடல் வலியையும் மனக் குழப்பத்தையும் தனித்தனிப் பட்டியலாகக் கொண்டுவருவதில்லை; ஒரே முறையீடாகவே வைக்கிறார்கள். காரணம் பற்றிய அவர்களது கருத்தை ஏற்காமலும், உடலும் மனமும் சேர்ந்தே தளர்கின்றன என்ற அவர்களது பார்வையை ஏற்க முடியும். முதல் இரண்டு விளக்கங்களும் தவறவிடுவது இதைத்தான். ஒன்று ஆளைக் குற்றவாளியாக்குகிறது, மற்றது மூளையைக் கைவிடுகிறது. ஆள் இருக்கும் சூழ்நிலையை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை.

உளவியல் நினைவை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது: பதிவு, சேமிப்பு, மீட்பு. ஒரு செய்தி பதிவாக வேண்டுமானால் அதன்மீது சில நொடிகளாவது கவனம் நிலைக்க வேண்டும். அந்த நொடிகளில் செய்தியைத் தாங்கி நிற்கும் தற்காலிக நினைவுக்கு இடம் மிகக் குறைவு. அந்த இடத்தை வேறொன்று நிறைத்திருந்தால் புதியது உள்ளே வராது. மீட்புக் கட்டத்திலும் துயரத்துக்குப் பங்கு உண்டு. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர், நன்றாகப் பதிந்த நினைவை எடுத்துச் சொல்லவும் தடையாகிறது என்பதைச் சுவிட்சர்லாந்தின் டொமினிக் டி குவெர்வேன் குழு 2000இல் காட்டியது. முந்தைய நாள் மனப்பாடம் செய்த சொற்களை, கார்ட்டிசோன் மாத்திரை உட்கொண்டவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். சொற்கள் அழியவில்லை, அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை. ஆகத் துயரம் நினைவின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் தடை போடுகிறது. நடுவில் உள்ள சேமிப்பைப் பொறுத்தவரை அதன் பாதிப்பு மெதுவானது, நீண்ட காலத்தில் வருவது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சான்றுகளைப் பார்க்கலாம்.

3. கரும்பு வயலிலிருந்து ஒரு சான்று

இந்தக் கேள்விக்கு உலகில் மிக அதிகம் பேசப்பட்ட சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகளிடமிருந்து கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தின் 54 ஊர்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகள் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டனர். கரும்பைத் தேர்ந்தெடுத்ததில் நுட்பம் இருக்கிறது. நெல்லைப் போல ஒரே வாரத்தில் ஊரே அறுக்கும் பயிர் இல்லை இது. ஆலை சொல்லும் நாளில்தான் வெட்ட முடியும். ஆலையின் கொள்ளளவுக்கேற்ப வெட்டு நாட்கள் மாதக்கணக்கில் பரவிக் கிடக்கும். ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணத்தோடும் அவரது பக்கத்து வயல்காரர் கடனோடும் இருப்பார். வெயில், மழை, திருவிழா போன்ற பருவக் காரணங்களை இதனால் தனியே பிரித்துவிட முடிந்தது. கரும்பும் வெல்லமும் பழகிய சித்தூர் வட்டார வாசகருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகில் வைத்திருந்தனர். பின்பு அது 4 விழுக்காடாகக் குறைந்தது. கடன் இருந்தோர் முன்பு 99 விழுக்காடு, பின்பு 13. இந்த இரு நிலைகளிலும் அதே மனிதர்களுக்கு இரண்டு சோதனைகள் வைக்கப்பட்டன. வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது ஒன்று. மற்றது கவனக் கட்டுப்பாட்டுச் சோதனை: ஐந்து, ஐந்து, ஐந்து என்று மூன்று முறை எழுதியிருந்தால் 'மூன்று' என்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், கண்ணில் படும் இலக்கத்தைச் சொல்லக் கூடாது. முதல் சோதனையில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின் 5.45. இரண்டாவதில் முன்பு ஆன நேரம் 146 வினாடி, பின் 131, பிழைகளும் குறைந்தன. பழக்கத்தால் வந்த தேர்ச்சியோ என்ற ஐயத்தைப் போக்க, சிலரை அறுவடைக்குப் பிறகு மட்டும் முதல்முறையாகச் சோதித்தார்கள். உணவுக் குறைவு, உடல் உழைப்பு ஆகியவையும் ஆராயப்பட்டன. அறுவடைக்கு முன் உடலில் நெருக்கடியின் அறிகுறிகள் கூடியிருந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து இந்த வீழ்ச்சியை விளக்க முடியவில்லை. பணக் கவலை மனத்தின் இடத்தை நிறைத்துக்கொள்வதே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்த ஆய்வு நினைவை நேரடியாக அளக்கவில்லை. அளந்தது பகுத்தறியும் திறனையும் கவனக் கட்டுப்பாட்டையும். செய்தித்தாள்கள் இதை 'வறுமை அறிவைக் குறைக்கிறது' என்று சுருக்கியபோது இந்த எல்லை மறைந்துபோனது. நம் வாதத்துக்கு இந்த எல்லையே முக்கியமானது. பள்ளிப் படிப்பு, வயது, மரபு எதுவும் மாறாத ஒரே மனிதரிடம் சில மாதங்களில் கவனம் ஏறி இறங்க முடியும் என்பதை இது காட்டுகிறது. கவனம் இறங்கியிருக்கும் மாதத்தில் கூட்டுறவு வங்கி எழுத்தரோ மருத்துவரோ சொல்லும் செய்தி பதிவாகாமல் போனால், அதற்கு அந்த மனிதரின் நினைவுத்திறனைப் பழிப்பதில் பொருளில்லை. ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளர்களிடம் சுப்ரீத் கவுரும் உடன் ஆய்வாளர்களும் செய்த பிந்தைய ஆய்வு இதை வேலைத்தளத்துக்கே கொண்டுசென்றது. கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தபோது, அவர்கள் உடனே கடனை அடைத்தார்கள். வேலையின் வேகம் கூடியது, கவனப் பிழைகள் குறைந்தன. மிகவும் ஏழைகளாக இருந்தவர்களிடம் இந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. நகரி, நாராயணவனம் பகுதியின் தறிக்காரர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: அறுந்த நூலைப் பார்க்கத் தவறும் ஒரு கணம் துணியில் பழுதாகவும் கூலியில் பிடித்தமாகவும் வந்து நிற்கும்.

4. நோயுற்ற உடலும் தப்பும் கவனமும்

கவலையிலிருந்து நோய்க்கு வருவோம். மிகத் தெளிவான உதாரணம் கிராமங்களில் 'ஜன்னி' என்று சொல்லப்படும் நிலை; மருத்துவம் இதை டெலிரியம் என்கிறது. கடும் காய்ச்சலில், சிறுநீர்த் தொற்றில், இரத்தத்தில் சோடியம் குறைந்த நிலையில், இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் வயதானவர் திடீரென்று பிதற்றுகிறார். மகனையே அடையாளம் தெரியாமல் பேசுகிறார். மாலையில் கூடுகிறது, காலையில் தெளிகிறது. குடும்பத்தார் அஞ்சுவது நினைவு போய்விட்டதே என்று. ஆனால் இந்நிலையை அறுதியிட மருத்துவர்கள் முதன்மையாகத் தேடும் அறிகுறி கவனச் சிதைவு. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் இரண்டாவது கிழமையிலேயே நோயாளி வழுக்கிவிடுவார். அடிப்படை நோய் தீர்ந்ததும் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். நோயில் கிடந்த நாட்கள் மட்டும் நினைவில் வெற்றிடமாகவோ துண்டு துண்டாகவோ நிற்கும். மீதி வாழ்க்கையின் நினைவு அப்படியே இருக்கிறது. கதவு மூடியிருந்த நாட்களில் எதுவும் உள்ளே வரவில்லை என்பதே இதற்கு எளிய விளக்கம்.

மனச்சோர்வு நோய் இதைவிடச் சிக்கலானது. அது மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அடுப்பில் பாலை வைத்து மறப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சின் நூலைத் தொலைப்பதும், எத்தனை முறை படித்தாலும் ஒரு பக்கம் மனத்தில் ஏறாததும் இந்நோயின் அன்றாடம். 1961இல் கிலோ என்ற மனநல மருத்துவர், டிமென்ஷியா போலத் தோன்றி, மனச்சோர்வு தீர்ந்ததும் மறையும் நிலையைப் 'போலி டிமென்ஷியா' என்ற பெயரில் விவரித்தார். பின்னர் வந்த அளவைகள் இதைக் கூர்மையாக்கின. 2014இல் ராக்கும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, நோயின்போது கவனம், செயல்திட்டத் திறன், நினைவு மூன்றும் குறைந்திருந்தன. நோய் தணிந்தபின் நினைவு பெரும்பாலும் மீண்டது. கவனமும் செயல்திட்டத் திறனும் முழுதாக மீளவில்லை. துயரம் நினைவுக் கிடங்கை நேரடியாகச் சிதைத்திருந்தால் இறுதிவரை நீடிக்கும் குறைபாடு நினைவில்தான் தெரிந்திருக்க வேண்டும். நீடித்ததோ கவனத்தில். இந்த வரிசை நம் வாதத்துக்கு மிக வலுவான ஆதரவு.

மறதியை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதும் இங்கே எழும் கேள்வி. 10/66 என்ற பன்னாட்டு டிமென்ஷியா ஆய்வுக் குழு சென்னை நகரிலும் வேலூர் அருகே கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் 65 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்தது. அமெரிக்க மனநல அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா 0.3 விழுக்காடு என்று 2008இல் லான்செட் இதழில் அந்தக் குழு அறிவித்தது. குழு தானே வகுத்த அளவுகோலின்படி எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. அன்றாட வேலையில் தடை ஏற்பட்டிருக்கிறதா என்று கேட்கும் அளவுகோல், முதியவருக்கு வீட்டில் வேலையே எதிர்பார்க்காத சமூகத்தில் யாரையும் நோயாளியாகக் காட்டாது. கேள்விகளுக்குச் சரியான விடையை எதிர்பார்க்கும் அளவுகோல், பள்ளிக்கே போகாதவரையும் நோயாளியாகக் காட்டக்கூடும். சிஎம்சியின் கே. எஸ். ஜேக்கப் உள்ளிட்டோர் இதனால்தான் எழுத்தறிவில்லாத மக்களுக்கேற்ற சோதனைகளை வற்புறுத்தினர். நாராயணவனத்து மூதாட்டி ஒருவர் மருத்துவமனையின் பதற்றத்தில், தனக்குப் பழக்கமில்லாத மொழியில், பழக்கமில்லாத கேள்விகளுக்குத் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தில் எவ்வளவு மூளை, எவ்வளவு பள்ளி, எவ்வளவு அச்சம் என்று பிரித்துப் பார்க்காமல் மறதிநோய் என்று எழுதுவது பொறுப்பான மருத்துவமாகாது.

5. போரின் நினைவு: எதிர்ச்சான்று போலத் தோன்றுவது

இவ்வளவு நேரம் சொன்னதற்கு நேர் எதிரான ஒரு அனுபவம் எல்லோருக்கும் தெரியும். பெருந்துயரம் மறப்பதில்லை. மரணச் செய்தி வந்த நாள், விபத்து நடந்த கணம் போன்றவை பல்லாண்டுக்குப் பின்னும் அழியாமல் நிற்கின்றன. துயரம் கவனத்தைக் குலைத்து நினைவைக் குறைக்கிறது என்றால் இது எப்படி? உணர்ச்சிக் கொந்தளிப்பில் சுரக்கும் அட்ரினலின் வகைச் சுரப்புநீர்கள் நினைவை வலுப்படுத்துகின்றன என்பதை லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காக் ஆகியோர் 1994இல் காட்டினர். உணர்ச்சிகரமான கதையைக் கேட்டவர்கள் அதன் உருக்கமான பகுதியை மிக நன்றாக நினைவுகூர்ந்தனர். அந்தச் சுரப்புநீரின் வேலையைத் தடுக்கும் மருந்தை எடுத்தவர்களிடம் இந்தக் கூடுதல் நினைவு இல்லை.

இரண்டு உண்மைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. அச்சம் கவனத்தை இல்லாமல் செய்வதில்லை. ஒரே புள்ளியில் குவித்துவிடுகிறது. அந்தப் புள்ளி ஆழமாகப் பதிகிறது. சுற்றியுள்ளது பதியாமல் போகிறது. இலங்கைப் போரிலிருந்து தப்பிப் புகலிடம் கேட்ட தமிழர்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. விசாரணை அதிகாரி தேதி கேட்கிறார், முகாமில் எத்தனை பேர் என்கிறார், சீருடையின் நிறம் கேட்கிறார். முதல் முறை சொன்னதும் இரண்டாம் முறை சொன்னதும் பொருந்தாவிட்டால் நம்பகத்தன்மை இல்லை என்று எழுதிவிடலாம். ஜேன் ஹெர்லிஹியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இந்த நடைமுறையை நேரடியாகச் சோதித்தது. கோசோவோ, போஸ்னியாவைச் சேர்ந்த 39 அகதிகளிடம் ஒரே நிகழ்வைப் பற்றி இருமுறை கேட்டார்கள். இவர்களுக்கு ஏற்கனவே தங்கும் அனுமதி கிடைத்திருந்ததால் பொய் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் முரண்கள் இருந்தன. அவை மையச் செய்திகளைவிடப் பக்க விவரங்களில் அதிகம். மனவடு கடுமையாக இருந்தவர்களிடம், இரு பேட்டிகளுக்கும் இடைவெளி கூடக்கூட முரண்களும் கூடின.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்ச் சூழலில் செய்த பணிகளும், 1998இல் வெளிவந்த அவரது 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' நூலும் ஈழத்தமிழர் மனவடுவைப் பற்றிய முதன்மை ஆவணங்கள். வன்னிப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி தாமஸ் எல்பர்ட், மாகி ஷவர், ஃபிராங்க் நாய்னர் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 420 மாணவர்களை, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆசிரிய ஆலோசகர்கள் பேட்டி கண்டார்கள். 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடுமைகளைக் கண்டிருந்தனர். நான்கில் ஒருவருக்கு மனவடு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. மனவடு உற்ற குழந்தைகளின் அன்றாட இடர்ப்பாடு நினைவுச் சோதனைகளிலும் பள்ளி மதிப்பெண்களிலும் தென்பட்டது. கொடுமையை மறக்க முடியாத அதே குழந்தை பாடத்தை நினைவில் வைக்கவும் முடியாமல் தவித்தது. முதலாவது மிகை நினைவு, இரண்டாவது குறை நினைவு; இரண்டுக்கும் வேர் ஒன்றே. கவனம் ஆபத்தைக் காவல் காத்துக்கொண்டே இருந்தால் வாய்ப்பாட்டுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

6. மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு ஆய்வு முறை சார்ந்தது. கரும்பு விவசாயிகளிடம் கண்டது எல்லா இடத்திலும் காணக் கிடைக்கவில்லை. லியாண்ட்ரோ கார்வால்யோ உள்ளிட்டோர் 2016இல் அமெரிக்காவின் குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது அறிவுத்திறனில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இரண்டு நிலைகளும் ஒன்றில்லை என்பதும் உண்மை: சம்பள நாள் மாதம் தவறாமல் வருவது, இடைவெளி சிறியது; கரும்புப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை வருவது, ஆலை தாமதித்தால் அதுவும் இல்லை. ஆகவே வாதத்தைச் சுருக்கிக்கொள்வதே நேர்மை. எல்லாப் பணக்குறைவும் கவனத்தைக் குலைப்பதில்லை. நீண்ட, பெரிய, முடிவு தெரியாத நெருக்கடி குலைக்கிறது. கடும் நோய் இந்த மூன்று அடைமொழிகளுக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது மறுப்பு: கவனத்தைக் கெடுப்பது துயரமா, அதோடு வரும் தூக்கமின்மையா? கேள்வி நியாயமானது. சென்னையில் பெசோனே, கௌதம் ராவ், ஷில்பாக் முதலியோர் 452 தொழிலாளர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் சராசரியாக ஐந்தரை மணி நேரமே தூங்கினார்கள். காதடைப்பான், கண்மறைப்பு, மின்விசிறி, ஊக்கத்தொகை என்று உதவியதில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. அறிவுத்திறனிலோ வேலையின் அளவிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. பகலில் அமைதியான இடத்தில் சிறிது நேரம் உறங்க வைத்தபோதோ மனநிலையும் அறிவுத்திறனும் வேலையின் விளைவும் மேம்பட்டன. வெப்பமும் கொசுவும் இரைச்சலும் துண்டாக்கும் இரவில் இன்னும் அரை மணி நேரம் சேர்ப்பது போதவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தூக்கம் ஒரு காரணம்; ஆனால் கவனச் சிதைவு முழுவதையும் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது: இந்த வாதம் ஏழைகளையும் நோயாளிகளையும் முடிவெடுக்கத் தகுதியற்றவர்களாக்காதா? அவர்களது கவனம் குலைந்திருக்கிறது என்றால் அவர்களுக்காக வேறு யாரோ முடிவெடுக்கலாம் என்று ஆகாதா? சான்றுகள் இதற்கு இடம் தரவில்லை. அனுஜ் ஷா, ஷஃபீர், முல்லைநாதன் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், விலை சார்ந்த சில கேள்விகளில் வசதியானவர்கள் சூழலைப் பார்த்து விடையை மாற்றியபோது, ஏழைகள் பணத்தின் மதிப்பை மாறாமல் கணக்கிட்டனர். கவனம் குன்றவில்லை, இடம் மாறியிருக்கிறது. நெருக்கும் விஷயத்தில் அது மற்றவர்களைவிடக் கூர்மையாகவே வேலை செய்கிறது. தன் நோயைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நோயாளியுடையது. அந்த முடிவுக்குத் தேவையான தகவலை அவர் கவனம் எட்டும் இடத்தில் வைப்பது நிறுவனத்தின் கடமை.

நான்காவது மறுப்பு மருத்துவரிடமிருந்து வரும்: எல்லாவற்றையும் கவலை என்று சொல்லிவிட்டால் உண்மையான டிமென்ஷியாவைத் தவறவிட மாட்டோமா? இந்த எச்சரிக்கை முழுக்கச் சரி. முதுமையில் மனச்சோர்வோடு வந்து பின் தெளிந்த மறதி உள்ளவர்களில் கணிசமானோர் பின்னாட்களில் டிமென்ஷியாவுக்கு ஆளாகிறார்கள் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. கிலோவின் 'போலி' என்ற அடைமொழி அந்த அளவில் ஏமாற்றுவது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, இரத்தச் சர்க்கரை ஏற்ற இறக்கம், தூக்க மாத்திரைகளின் பக்கவிளைவு போன்ற, எளிய சோதனைகளால் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்களும் உண்டு. ஆகவே மறதி என்று வருபவரைக் கவலை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் தவறு, வயசு என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் தவறு. கவனத்தையும் நினைவையும் தனித்தனியே சோதித்து, சில மாதங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பதே வழி.

7. முடிவு

இதுவரை பார்த்த சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. கடன்பட்ட விவசாயி, காய்ச்சலில் கிடக்கும் முதியவர், மனச்சோர்வில் உள்ளவர், ஷெல்லடிக்குத் தப்பிய குழந்தை ஆகிய நால்வரும் மறக்கிறார்கள். நால்வரிடமும் முதலில் பறிபோனது கவனம். அது பறிபோகும் வேளைகள் முன்கூட்டியே தெரிந்தவை: நோய் உறுதியான நாள், அறுவைக்கு முந்தைய நாள், வீடு திரும்பும் நாள். இந்த வேளைகளில்தான் நம் மருத்துவமனைகள் மிக அதிகமான தகவலை, மிகக் குறைந்த நேரத்தில், வாய்மொழியாகச் சொல்கின்றன. மறதிக்கான காரணத்தை நோயாளியிடம் தேடுவதற்கு முன் இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்க வேண்டும்.

மாற்றுவழிக்குப் பெரும் செலவு இல்லை. ஒரு சந்திப்பில் முக்கியமான இரண்டு மூன்று செய்திகளை மட்டும் முதலில் சொல்லி, மற்றவற்றை எழுத்தில் தரலாம். சொன்னதை நோயாளி தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி கேட்கலாம். பதிவாகாதது அங்கேயே தெரிந்துவிடும். எழுத்தோடு படத்தையும் சேர்த்தால் கவனமும் நினைவும் கூடுகின்றன, எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு இதனால் பயன் அதிகம் என்று ஹவுட்ஸ் உள்ளிட்டோரின் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. மருந்துறைமேல் சூரியனும் நிலவும் வரைந்து தரும் மருந்தாளுநர்கள் இதை முன்பே அறிந்தவர்கள். உடன் வந்தவரையும் அறைக்குள் அழைத்து உட்கார வைக்கலாம். நாராயணவனம் போன்ற எல்லை ஊர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட மருந்துக் குறிப்பு வேண்டும். இரு மொழி வட்டாரத்துக்குச் சேவை செய்யும் மருத்துவமனைகள் இதை உரிமையாக வழங்க வேண்டும், சலுகையாக அன்று. கூட்டுறவு வங்கிகளும் பள்ளிகளும் புகலிட விசாரணை மன்றங்களும் தங்கள் இடத்துக்கேற்ப இதையே செய்ய முடியும்.

சொல்லியும் மறந்துவிட்டார் என்று ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு முன், அவர் கேட்கக்கூடிய நிலையில் இருந்தபோதுதான் சொன்னோமா என்று சொன்னவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.